இறங்காத கைகள்

“இனிமேல் அந்த அம்மாள் வீட்டுக்கு என்னை அனுப்பாதீர்கள், தாயே” என்றார் தாவோன்.

மடத்துக் குடிலின் மரத்தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள் துறவி கல்யா. தாவோனைவிட வயதில் சிறியவள். தாவோன் படகுத்துறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சீடராக வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன.

“மடத்துப் பழத்தை அவளிடம் கொடுத்தீர்களா?”

“கொடுத்தேன். முறைப்படிதான் போனேன். செருப்பைக் கீழே கழற்றினேன். வாசற்படியை மிதிக்கவில்லை. காலை மடக்கி உட்கார்ந்து கும்பிட்டேன். அந்த அம்மாளும் பதிலுக்குக் கும்பிட்டாள்.”

“அப்புறம் என்ன?”

“எனக்குப் பின்னால், வாசலைப் பார்த்து இன்னொரு கும்பிடு போட்டாள். அங்கே யாருமில்லை.”

கல்யா புடைப்பதை நிறுத்தவில்லை.

“தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு ஒரு கிண்ணம். வாசலோரம் ஒரு கிண்ணம். ‘கூட வந்தவரை உள்ளே கூப்பிடுங்களேன், தொப்பலாக நனைந்திருக்கிறாரே’ என்றாள். வெளியே சுள்ளென்று வெயில், தாயே!”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“தனியாகத்தான் வந்தேன் என்றேன். ‘பாவம், கும்பிட்ட கையை இறக்கவே மாட்டேன் என்கிறார்’ என்றாள். எழுந்து ஓடிவந்துவிட்டேன். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது.”

கல்யா முறத்தைக் கீழே வைத்தாள். அவர் தோளைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தம்பி உண்டா?”



“இருந்தான். நிரன். நிலத் தகராறில் பேச்சு நின்றுபோயிற்று. ஒரு மழைநாளில் சமாதானம் பேச வந்தான். படிக்கட்டின் கீழே நின்று கும்பிட்டான்.”

“நீங்கள்?”

“கதவைச் சாத்தினேன்.”

“அவர்?”

“திரும்பிப் போகையில் படகு கவிழ்ந்துவிட்டது.”

அவர் பின்கழுத்தில் ஆற்றுச் சேற்றின் வாடை வந்து படிந்தது. பின்னால் எங்கோ, குடிலின் படிக்கட்டுப் பலகையில் நீர் சொட்டியது.

“நான் என்ன செய்யட்டும், தாயே? பிக்குகளுக்கு உணவு படைக்கட்டுமா? மந்திரம் ஓதச் சொல்லட்டுமா?”

“என்னை ஏன் கேட்கிறீர்கள்? கும்பிட்டுக்கொண்டு நிற்பது நானா?”

தாவோன் மெல்லத் திரும்பினார். வெறும் வாசல். வெயில். கைகளை நெஞ்சருகே குவித்தார். தலை தாழ்ந்தது.

“உள்ளே வாடா, நிரன்.”

படிக்கட்டின் கீழ்ப்பலகை கிறீச்சிட்டது.