சுடுகாடு இல்லாத நாடு

ஒரே ஒரு ஊர்ல மழையே இல்லாம போச்சாம். கொளம் வெடிச்சு, கெணறு வறண்டு, காக்கா கூட வேற ஊர் தேடிப் போயிருச்சாம். அந்த ஊர்ல இருளப்பன்னு ஒருத்தன், அவன் பொண்டாட்டி சடைச்சி. கொளம் வெட்டுறதுதான் ரெண்டு பேருக்கும் தொழில். தண்ணியில்லாத ஊர்ல கொளம் வெட்ட யாரு கூப்பிடுவா? அதனால எந்த நாட்டுக்குப் பொழைக்கப் போகலாம்னு தெனமும் பேசுனாங்களாம்.

"கெழக்கு நாட்டுக்குப் போவமா?"ன்னான் இருளப்பன்.

"போகலாம். ஆனா அட்டை கடிக்குமாம், ராசா கஞ்சப்பயலாம்"னா சடைச்சி.

"அப்ப மேக்கு நாடு?"

"அங்க புலி இருக்காம்."

இப்படி இவுக பேசிக்கிட்டு இருக்கையில வேலைக்கு ஆள் பிடிக்கிற கங்காணி ஒருத்தன் வந்தான். பெரிய தலப்பா, வெத்தலை போட்டுப் போட்டுச் செவந்த வாயி. "தெக்கு நாட்டுக்கு வாங்க! எங்க ராசா பெரிய கொளம் வெட்டுறாரு"ன்னான்.

சடைச்சி கேட்டா, "சோறு கெடைக்குமா?"

"நெல்லுச் சோறு தாயி."

"இருக்க எடம்?"

"ஓட்டு வீடு தாயி."

"செத்தா எங்க அடக்கம் பண்ணுவீக?"

கங்காணி விழுந்து விழுந்து சிரிச்சான். "எங்க நாட்டுல சுடுகாடே கெடையாது தாயி! பாடை கட்டி, சங்கு ஊதி நான் பாத்ததே இல்ல."

இருளப்பனுக்கு ஒரே குதியாட்டம். "சாவே இல்லாத நாடுடீ!"ன்னான். ஆம்பள புத்தி பாத்தீகளா? ஆளு இருக்குற எடத்துல சாவு இல்லாம இருக்குமா, செத்தவுகளை எங்க வச்சிருக்கானோன்னு சடைச்சிக்குப் பயம்.

அதுக்குள்ள கங்காணி வெத்தலைய நீட்ட, இந்த மடையன் கைய நீட்டி வாங்கிட்டான். அந்தக் காலத்துல வெத்தலை வாங்குனா வாக்குக் குடுத்த மாதிரி. குடுத்தவன் அதைத் திரும்ப வாங்கிக்கிட்டாத்தான் வாக்கு முறியும். இருளப்பன் வாய்க்குப் போகுமுன்ன சடைச்சி புடுங்கி, "இந்தாய்யா ஒன் வெத்தலை"ன்னு நீட்டுனா. கங்காணி ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டான். சிரிச்சுக்கிட்டே கட்டிக்கிட்டான். அப்பத்தான் அவளுக்குப் பயம் இன்னும் கூடிப்போச்சு.

வாக்குக் குடுத்தாச்சே, போகாம இருக்க முடியுமா? போனாக. காடு கடந்து, மேடு கடந்து, ஆறு கடந்து போனாக. சடைச்சி அந்த வெத்தலைய ஈரத்துணியில சுத்தி முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தா. ஆத்தைத் தாண்டயில கங்காணியோட வெத்தலைப் பையத் தூக்கிட்டு வர்றேன்னு வாங்கி, கைதவறுன மாதிரி தண்ணியில விட்டுட்டா. ஏ, சிரிக்காதீக, அதுக்கு முன்னாடியே அதுலருந்து கொஞ்சம் சுண்ணாம்பையும் பாக்கையும் எடுத்து முடிஞ்சுக்கிட்டா.

உச்சி வேளையில போய்ச் சேந்தாக. பெரிய கொளம், மலை மாதிரி கரை. வேலை செய்றவுக வாயத் தொறக்கல. அத்தனை பேருல நரைச்ச தலை ஒண்ணு கூட இல்ல. கரை நெடுக மம்முட்டிக நட்டு வச்சிருக்கு, அதுக்குச் சொந்தக்காரன் ஒருத்தனையும் காணோம்.

மண்ணு சொமந்த ஒருத்திகிட்ட, "மம்முட்டிக்காரவுக எங்கம்மா?"ன்னு கேட்டா சடைச்சி.

அவ ஒதட்டை அசைக்காமச் சொன்னா: "கரைக்குள்ள. கீழ பூதம் இருக்கு. கங்காணிகிட்ட வெத்தலை வாங்குனவுகள ஒவ்வொருத்தரா கேக்கும், கடைசியா வாங்குனவுகளத்தான் முதல்ல. குடுத்தாத்தான் கரை நிக்கும்."

இருளப்பன் ஓன்னு அழுதுட்டான். அந்நேரம் கரை உறுமுச்சு. கங்காணியோ வெத்தலை இல்லாம கொட்டாவியா விட்டுக்கிட்டு நிக்கான். சடைச்சி முந்தானைய அவுத்தா, புதுச் சுண்ணாம்பு தடவி, பாக்கு வச்சு, சுருளா மடிச்சு, "பைய ஆத்துல விட்ட பாவி நானுய்யா, இத வாங்கிக்கோங்க"ன்னு பணிஞ்சு நீட்டுனா. அவன் வெடுக்குன்னு வாங்கி வாயில போட்டு மென்னான்.

கரை பொளந்துச்சு. "யாருடா கடைசியா வெத்தலை வாங்கினவன்?"னு பூதம் கேட்டுச்சு.

இருளப்பன் ரெண்டு கையையும் விரிச்சுக் காமிச்சான், ஒண்ணுமில்ல. கங்காணி வாயி மட்டும் செவசெவன்னு இருந்துச்சு. "ஐயோ, அது அவன் வெத்தலை!"ன்னு கங்காணி கத்துனான்.

"நீ குடுத்தது, நீயே திரும்ப வாங்கிக்கிட்ட"ன்னா சடைச்சி.

பூதம் அவன் காலைப் பிடிச்சு இழுத்துருச்சு. கரை மூடிக்கிச்சு, தலப்பா மட்டும் மேல கெடந்துச்சு. வெத்தலை குடுக்க ஆளில்லன்னு தெரிஞ்சதும் அத்தனை பேரும் மண்ணைப் போட்டுட்டு ஓடுனாக பாருங்க, ஒரே ஓட்டம்!

அப்புறம் சடைச்சியும் இருளப்பனும் கெழக்கு நாட்டுக்குத்தான் போனாக. அட்டை கடிச்சுச்சு, ராசா உப்பைக் கூட அளந்து போட்டான். ஆனா ஊருக்குள்ள நொழையையில ஒரு கெழவர் செத்துப்போயி, ஊரே கூடி அழுதுக்கிட்டு இருந்துச்சு. சடைச்சி அதைப் பாத்து, "இங்கதான் இருப்போம்"னு சொல்லி, தானும் அவுககூட ஒக்காந்து அழுதா.

பொழைக்கப் போற எடத்துல சோறு உண்டான்னு மட்டும் கேக்காதீக, நாம செத்தா அழ ஆளு உண்டான்னும் கேளுங்க. கரை மூடிருச்சு, கதையும் மூடிருச்சு. ஒறங்குங்க.