மட்டவான் கேட்ட கேள்வி

அந்தக் காலத்தில், மீனுக்கும் இறாலுக்கும் பேச்சு இருந்த காலத்தில், தூண்டில் போடுவதைப் போல வீண் வேலை வேறு கிடையாது. முள்ளில் குத்திய இறால் சும்மா இருக்குமா? தண்ணீருக்குள் இறங்கியதுமே, "முள்ளு இருக்கு, முள்ளு இருக்கு, யாரும் கிட்ட வராதீங்க" என்று கத்தத் தொடங்கிவிடும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கண்டல்துறைக் கழிமுகத்து இறாலோ, தான் கெட்ட பிறகும் தன் வாயால் மற்றவர்களைக் காத்தது. அதனால் அந்த ஊரில் எல்லாரும் வலைக்காரர்கள். தூண்டிலைப் பிள்ளைகள் விளையாடத்தான் வைத்திருந்தார்கள்.

தன்னைத் தின்கிற மீன் மேல் இறாலுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்பீர்கள். ஆறு கடலில் சேரும் அந்த இடத்தில் இரு தரப்புக்கும் ஒரு பழைய உடன்பாடு இருந்தது. மீன் இறாலைத் தின்னலாம், பசி யாருக்கும் பாவமில்லை. ஆனால் கண்டல் வேர்களுக்குள் குடியிருக்கும் இறாலிடம், வாய் வைக்கும் முன் கேட்க வேண்டும்: "யாரது, எந்த வேரு? சினையா, வெறும் வயிறா?" சினை இறால் என்றால் விட்டுவிட வேண்டும். வெறும் வயிறு என்றால் அதற்கு மேல் அவரவர் ஓட்டம். பதிலே வராவிட்டால் தின்னக் கூடாது. செத்ததைத் தின்ன நண்டுகள் இருக்கின்றன. இந்த மரியாதைக்குக் கைம்மாறாகத்தான் முள்ளில் மாட்டிய இறால் கத்திச் சொன்னது. பார்த்தாலே தெரியாதா, கேட்பானேன் என்கிறீர்களா? கழிமுகத்துக் கலங்கல் தண்ணீரில் நீங்கள் ஒருமுறை கண்ணைத் திறந்து பாருங்கள், தெரியும். இறால் பொய் சொல்லிவிடாதா என்றால், அந்தத் தண்ணீரில் அதுவரை பொய் இறங்கியதில்லை.

இந்த உடன்பாட்டை இம்மி பிசகாமல் காத்தவள் ஓடுடைச்சி என்ற மட்டவான் மீன். கண்டல் மரத்து வேர்களில் அப்பிக் கிடக்கும் சிப்பிகளுக்கு அடியில் அவள் வீடு. கறுத்த முதுகு, வெள்ளிச் செதில், உள்ளங்கை அகல நெற்றி, மனிதருக்கு இருப்பது போல வரிசையாகப் பற்கள். அவள் சிப்பி கடித்தால் கரையில் நிற்பவர்களுக்கே சத்தம் கேட்கும். அவளைப் பிடிக்க வலை வீசினால் சிப்பி விளிம்பில் மாட்டிக் கிழிந்து வரும். இத்தனை பலம் இருந்தும், அவளிடம் நான் வியப்பது அவளுடைய பொறுமையை. எவ்வளவு பசித்தாலும் கேட்டாள், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். சோறு கொஞ்சம் தாமதமானால் நம் வீடுகள் படும் பாட்டை நினைத்தால், அவளைக் கும்பிடத் தோன்றுகிறது.

அதே துறையில் வேலாண்டி என்று ஒரு படகுத் தச்சன் இருந்தான். மரத்தைத் தொட்டுப் பார்த்தே அது தண்ணீரில் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுவான். மற்றபடி மீனைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் குழம்பில் பார்த்ததுதான். வாடைக் காற்று வீசிய மாதத்தில் அவன் மனைவி சங்காயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை வந்தது, பால் வரவில்லை. ஆட்டுப் பாலைத் துணியில் நனைத்து வைத்தால் கக்கியது. அழுது அழுது அதன் குரல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது.

மருத்துவச்சி வந்து பார்த்தாள். "பால்சுறா கிடைச்சா நல்லது. இந்தக் காத்துல கடலுக்கு யாரு போவா? கழியில கறுத்த மட்டவான் இருக்கு. மிளகு தட்டிப் போட்டு ரசமா வச்சுக் குடு, பால் இறங்கும்" என்றவள், வாசலுக்கு வந்ததும் வேலாண்டியிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "சீக்கிரம் பண்ணு. பிள்ளை தாங்காது."

வேலாண்டி வலையை இரவல் வாங்கிப் போனான். கிழித்துக்கொண்டு வந்து நின்றான். தூண்டிலில் இறாலைக் குத்தி இறக்கினான். அது ஊரைக் கூட்டியது. இன்னொரு இறாலின் வாயை நாரால் கட்டி இறக்கினான். அது மீசையை ஆட்டி ஆட்டியே விஷயத்தைச் சொல்லிவிட்டது. செத்த இறாலைப் போட்டான். நண்டு வந்து தின்றுவிட்டுப் போனது.

"ஏங்க, கிடைச்சுதா?" என்று சங்காயி படுத்தபடியே கேட்டாள்.

"எல்லா இறாலும் கத்துது."

"கத்தாத இறால் வேணும்னா மரத்துலதான் செய்யணும்" என்று அவள் சலித்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள். பிறகு உளி தட்டும் ஓசை கேட்டது. "நான் எரிச்சல்ல சொன்னேங்க" என்றாள்.

"எரிச்சல்ல சொன்னாலும் சரியாத்தான் சொல்லியிருக்கே" என்றான் வேலாண்டி.

கல்யாண முருங்கைக் கட்டையில் அவன் செதுக்கிய அந்த இறாலைப் பற்றிச் சொல்லாமல் கதையை நகர்த்த எனக்கு மனமில்லை. சுண்டுவிரல் நீளம்தான். முதுகு வளைவில் ஒவ்வொரு கட்டும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணுக்குக் குன்றிமணி, மீசைக்கு ஈர்க்கின் நுனி, காலுக்குக் கோழி இறகின் பிசிறு. மிதக்காமல் இருக்க வயிற்றில் ஈயத்துண்டு ஒன்றைப் புதைத்து, வாலடியில் முள்ளைப் பொருத்தினான். இறால் ஓடு வேகவைத்த தண்ணீரில் ஊறப்போட்டு வாசனையும் ஏற்றினான். சங்காயி அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, துள்ளிவிடுமோ என்று விரல்களை மூடிக்கொண்டாள். உயிரைத் தவிர எல்லாம் அதில் இருந்தது. அந்த ஒன்று இல்லாததால்தானே அது கத்தாது என்று அவன் மகிழ்ந்தான்.

விடிந்ததும், கழியில் தண்ணீர் ஏறும் நேரத்தில், வேர்களுக்கு எதிரே வீசினான். மீன் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பதற்றத்தில் விடாமல் இழுத்தான். மறுபடி வீசினான், மறுபடி இழுத்தான். மர இறால் தண்ணீருக்குள் நிற்காமல் ஓடியது. வேருக்கடியில் இருந்து குட்டி மட்டவான்கள் எட்டிப் பார்த்தன. ஓடுடைச்சி அவற்றைத் தடுக்கும் குரல் அவனுக்குக் கேட்டது.

"கிட்டப் போகாதீங்க. உயிருள்ளது எதுவும் இப்படி ஓயாம ஓடாது. அது என்னமோ, எனக்கு நல்லதாப் படல."

வேலாண்டிக்கு அது விளங்கவில்லை. இன்னும் வேகமாக இழுத்தான். சாயங்காலம் வரை இழுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். குழந்தை விட்டு விட்டு அழுதுகொண்டே இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறித் தோளில் போட்டு நடந்தார்கள்.

மறுநாள் காலை கண் எரிய எரிய வந்து நின்றான். வீசினான், இழுத்தான். வெயில் முதுகில் இதமாக ஏறியது. தூக்கம் எப்போது வந்தது என்று அவனுக்கே தெரியாது. தலை தொங்கியது, கை தளர்ந்தது, நார்க்கயிறு தொய்ந்தது. தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்த மர இறால் நின்றது. நின்று, மெல்லச் சாய்ந்து, களைத்த பெண் உட்காருவது போலச் சேற்றில் இறங்கி அமர்ந்தது.

ஓடுடைச்சி வெளியே வந்தாள். "அடடா, நான்தான் தப்பா நினைச்சுட்டேன்" என்றாள். "பயத்துல ஓடியிருக்கு, பாவம். இப்ப ஓஞ்சு உட்கார்ந்துடுச்சு." அருகில் வந்து, ஒரு முழம் தள்ளியே நின்று, முறைப்படி கேட்டாள். "யாரம்மா அது, எந்த வேரு?"

அந்தக் குரலில் வேலாண்டி விழித்துக்கொண்டான். கயிற்றை இழுக்கப் போனவன் அப்படியே நிறுத்தினான்.

"சினையா இருக்கியா? பயப்படாதே. சொன்னா விட்டுடுவேன்."

அந்தத் தண்ணீரின் சட்டம், துறையில் எல்லாரையும் போல, அவனுக்கும் தெரியும். கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். 'மரம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அது நாக்கு நுனி வரை வந்தது. அப்போது கரைமேல் குடிசையில் இருந்து குழந்தையின் குரல் கேட்டது, நூல் போல மெலிந்து. வேலாண்டி உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றான்.

"பேச முடியலயா? இங்க தண்ணி ஓட்டம் ஜாஸ்தி, அடிச்சுட்டுப் போயிரும். வா, வேருக்குள்ள கொண்டுபோய் விடுறேன்" என்றாள் ஓடுடைச்சி. சிப்பி உடைக்கும் அந்த வாயால், ஒரு கால்கூட ஒடியாதபடி, மர இறாலை மெதுவாகத் தூக்கினாள்.

வேலாண்டி சுண்டி இழுத்தான்.

கரையில் கிடந்தபோதும் அவள் துள்ளவில்லை. முதலில் வாயோரத்தில் தொங்கிய இறாலைத்தான் பார்த்தாள். "இது உன் வேலையா, தச்சா?"

"ஆமா, ஆத்தா."

"கண்ணு என்ன, குன்றிமணியா?"

"குன்றிமணிதான்."

"நல்ல வேலை. கால் எல்லாம் எவ்வளவு பொறுமையா வச்சிருக்கே" என்றாள். மூச்சு வாங்கியது. "நான் கேட்டது உனக்குக் கேட்டுச்சா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீயும் உன் இறால் மாதிரியேதான் இருக்கே. கேட்டா பதில் வராது."

"பிள்ளைக்குப் பால் இல்ல, ஆத்தா. செத்துப் போயிரும்னு பயந்துட்டேன்" என்று வேலாண்டி அழுதான்.

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே. வந்திருப்பேனோ மாட்டேனோ, எனக்கே தெரியாது. ஆனா கேள்விக்குப் பதில்னு ஒண்ணு இருந்திருக்கும்." பிறகு அவள் தண்ணீரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "புள்ளைங்களா, இனிமே வாயைத் திறந்து கேட்காதீங்க. வாய்ப் பதிலை நம்புற காலம் போச்சு. உதட்டால தட்டிப் பாருங்க. உயிரா கட்டையான்னு உதடு சொல்லும்."

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அந்தக் கழிமுகத்தில் ஒரு மீன் கடைசியாகப் பேசியதும் அதுதான்.

சங்காயி ரசத்தைக் கையில் வாங்கியபோது வேலாண்டி நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவள் கிண்ணத்தை வாயருகே வைத்தபடி வெகுநேரம் இருந்தாள். குழந்தை அசைந்தது. குடித்தாள், ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தாள். அன்று மாலையே பால் இறங்கியது. குழந்தை குடித்துவிட்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வயிறு நிறைந்து தூங்கியது.

அது தூங்கிய பிறகுதான் சங்காயி வாயைத் திறந்தாள். "நாளைக்கு அங்க போய்ப் பதில் சொல்லிட்டு வாங்க."

"யாருக்குச் சொல்றது? அவதான் போயிட்டாளே."

"கேட்டவ போயிட்டா. கேள்வி அங்கேயேதான நிக்குது."

மறுநாள் காலை அவன் போனான். அதே இடத்தில் மர இறாலை வீசினான். கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, சேற்றில் உட்கார வைத்தான். கயிற்றில் ஏதோ தட்டியது. டொக், டொக். குரல் இல்லை. ஓடுடைச்சியின் பிள்ளைகளில் ஒன்று உதட்டால் கேட்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. தண்ணீருக்குக் கிட்டத்தில் குனிந்து, "மரந்தான், தாயி" என்றான்.

கேட்டதோ இல்லையோ, தட்டியது விலகிப் போய்விட்டது. வேலாண்டி வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான். சங்காயி குழந்தையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

அன்று முதல்தான் கழிமுகத்து மீனும் இறாலும் பேச்சை விட்டன. கேட்பாரில்லாத பிறகு இறால் யாருக்குப் பதில் சொல்லும்? அன்று முதல்தான் மட்டவான், நிற்காமல் ஓடும் இரையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஓடி, களைத்து, நின்ற இரையை மட்டும் கிட்ட வந்து உதட்டால் தட்டிப் பார்க்கிறது. தட்டியதுமே ஆசைப்பட்டு இழுக்கிறவன் கையில் அது சிக்காது. மனம் ஒப்பினால்தான் எடுக்கும். ஒப்பாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த தூண்டிலையும் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பிழைக்கத் தெரிந்த பிறவியை எத்தனை புகழ்ந்தாலும் தகும்.

இப்போது கண்டல்துறைப் பாலத்தடியில் நிற்பவர்கள் கையில் சக்கரம் வைத்த தூண்டில் இருக்கிறது, அதன் முனையில் கடையில் வாங்கிய ரப்பர் இறால் இருக்கிறது. இழுத்து, நிறுத்தி, காத்திருப்பார்கள். டொக், டொக் என்று கயிற்றில் தட்டும்போது, அதுவரை அரசியல் பேசிக்கொண்டிருந்தவர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு, தண்ணீரைப் பார்த்து, "மரந்தான், தாயி" என்று வாய்க்குள் சொல்லுவார். அது மரமில்லை, ரப்பர் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொல்லுவார். அதைச் சொல்லாமல் பிடித்த மீனை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். கேட்டவளுக்குச் சொல்லாமல் விட்ட அந்தப் பதிலை, அன்று முதல்தான் அந்த ஊர் சொல்லிக்கொண்டே இருக்கிறது.