கறுப்புப் பெட்டியும் வெள்ளைப் பெட்டியும்

"சிஸ்டர், கறுப்பா வெள்ளையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க. ரத்தம் கொதிக்குது எனக்கு."

கேட்டவர் பேச்சிமுத்து அண்ணாச்சி. பழைய பைக் வாங்கி விற்கிறவர். எட்டாம் வகுப்போடு நின்று, அடிபட்டு மிதிபட்டு மேலே வந்தவர். தூத்துக்குடியில் அவரிடம் பேரம் பேசி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை.

சிறுநீரகம் மட்டும்தான் அவர் பேச்சுக்குப் படியவில்லை.

வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் டயாலிசிஸ் கட்டிலில் கிடக்க வேண்டும். கூரையைப் பார்த்தே பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. போன வாரம் இரண்டு தடவை வரவில்லை. கால் இரண்டும் பூசணிக்காயாய் வீங்கிப்போயின. "பொழுது போக ஒரு வழி கிடைக்கலைன்னா, செத்தாலும் அந்தப் பக்கம் போகமாட்டேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

அவர் கண்ட வழி, கையில் பிடித்து விளையாடும் கேமிங் கம்ப்யூட்டர். கடையில் இரண்டு இருந்தன. கறுப்பு கனம் குறைவு, சார்ஜ் நிற்கும். வெள்ளைக்குப் பெரிய திரை, குதிரை வேகம். ஆனால் இரண்டு மணி நேரத்தில் நாக்குத் தள்ளிவிடும்.

சிஸ்டர் எப்சிபாவுக்கு இருபத்தாறு வயது. அண்ணாச்சியின் இடது கையில் டயாலிசிஸ் ஊசி இரண்டையும் ஏற்றி, பிளாஸ்திரி ஒட்டினாள்.

"கையை அசைக்காதீங்க அண்ணாச்சி," என்றாள். போய்விட்டாள்.

"நான் என்ன கேட்கேன், இவ என்ன சொல்லுதா."

பக்கத்துக் கட்டிலில் மைதீன் சிரித்தார். செல்போன் கடைக்காரர். அவருக்கு ஊசி வலது கையில்.

"வெள்ளையத்தான் வாங்கணும்வே. கறுப்பெல்லாம் சின்னப் பிள்ளையளுக்கு."

"உம்மகிட்ட கேட்டனாவே?"

கேட்ட வேகத்தில் அண்ணாச்சியின் இடது கையும் சேர்ந்து எழுந்தது. டயாலிசிஸ் மிஷின் கீகீயென்று கத்தியது.

புதன்கிழமை அண்ணாச்சி தயாராக வந்தார். இரண்டையும் தராசில் நிறுத்துப் பார்த்திருந்தார். பதினேழு வீடியோ பார்த்திருந்தார். கடைக்காரனைப் படாதபாடு படுத்தி, இரண்டையும் ஒரே விலைக்கு இறக்கியும் இருந்தார்.

அதுதான் வினையாய்ப் போயிற்று. விலையில் ஏற்ற இறக்கம் இருந்தால் அவருக்கு முடிவெடுக்கத் தெரியும். ஒரே விலை என்றதும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது.

"இப்பவாவது சொல்லுங்க சிஸ்டர்."

"கையை அசைக்காதீங்க அண்ணாச்சி."

வெள்ளிக்கிழமை இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். பிடிக்காததைச் சாயங்காலம் திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு.

எப்சிபா ஊசி ஏற்றினாள். பெட்டிகளைப் பிரித்து, இரண்டையும் அவர் மடியில் வைத்தாள்.

"ஆடுங்க."

வலது கையால் கறுப்பைத் தூக்கினார். துணைக்கு இடது கை எழுந்தது. மிஷின் கத்தியது. கறுப்பை வைத்துவிட்டு வெள்ளையைத் தூக்கினார். அதற்கும் கத்தியது.

தன் இடது கையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"திங்கக்கிழமையிலருந்து வேற என்ன சொல்லுதேன்?"

மைதீன் கட்டில் குலுங்கச் சிரித்தார்.

"சிரியும்வே. உமக்கு மட்டும் ரெண்டு கையும் சும்மாவா கெடக்கு?"

மைதீனின் சிரிப்பு நின்றது.

"ஊசியை உருவுங்க சிஸ்டர்," என்றார் அண்ணாச்சி. "நான் வீட்டுக்குப் போறேன். இனி வரல. வர்றது வரட்டும்."

எப்சிபா சாப்பாட்டு மேசையை இரண்டு கட்டிலுக்கும் நடுவே உருட்டி வந்தாள். இரண்டு கம்ப்யூட்டரில் கைக்கு அகப்பட்டதை எடுத்து அதன்மேல் நிறுத்தினாள். அது சாயப் பார்த்தது. மற்றதை எடுத்து அதற்கு முட்டுக் கொடுத்தாள்.

"ஏம்மா," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

கார் ஓட்டும் ஆட்டம் ஒன்றைப் போட்டாள். இடப்பக்கக் குமிழில் அண்ணாச்சியின் வலது கையை எடுத்து வைத்தாள். வலப்பக்கப் பொத்தான்களில் மைதீனின் இடது கையை வைத்தாள்.

போய்விட்டாள்.

"ஸ்டியரிங் எனக்கு. ஆக்சிலேட்டரும் பிரேக்கும் உமக்கு. மிதியும்வே."

"மிதிச்சாச்சு."

"இம்புட்டு மிதிக்கச் சொன்னது யாரு? மரத்துல ஏத்திட்டீரே."

"மரத்தைப் பார்த்துத் திருப்புனது யாரு?"

சண்டை ஓயவில்லை. மிஷின் கத்தவில்லை.

நாலு மணி நேரம் முடிந்ததும் எப்சிபா வந்தாள். அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. ஊசி இரண்டையும் எடுத்து, அமுக்கிப் பிடித்து, கட்டுப் போட்டாள்.

"முடிஞ்சுது அண்ணாச்சி. இனி ரெண்டு கையாலயும் தாராளமா ஆடலாம்."

"சும்மா இருங்க சிஸ்டர்," என்றார் அவர். "பிரேக்கு மைதீன்கிட்ட இருக்கு."