வெல்டர் போன பிறகு ஒரு மணி நேரம்

ஆசிரியருக்கு நாற்பத்திரண்டு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. அப்படியும் நடக்கும்.

ஆசிரியர் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஒற்றை அறை, ஒரு மேஜை, இரண்டு செல்போன். அதுதான் அவள் ஆபீஸ். கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கும் பெரிய கடைகளுக்கும் தீக்காவலுக்கு ஆள் அனுப்புவது தொழில். வெல்டிங் நடந்தால் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். தீ அலாரம் பழுதானால், அது சரியாகும்வரை ஒருவர் மாடி மாடியாக நடந்து பார்க்க வேண்டும். அந்த ஒருவரை அவள் தருவாள்.

சீடர் பெயர் தளவாய். தீயணைப்புத் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நான்கு வருடம். பிள்ளைகள் இல்லை. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஜெசிந்தாவிடம் காவலுக்குச் சேர்ந்தார்.

சேர்ந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்.

"வெல்டர் சாமானைக் கட்டிட்டுப் போன பொறவும் ஒரு மணி நேரம் உக்காரணும் அண்ணாச்சி. பொறி எங்க விழுந்து புகைஞ்சுக்கிட்டு இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அந்த ஒரு மணி நேரந்தான் வேலை."

தளவாய்க்குச் சிரிப்பு வந்தது. "எரியுத கட்டடத்துக்குள்ள போனவன் மேடம் நான்."

"அங்க தீயும் இருக்கும், கூட்டமும் இருக்கும். இங்க ரெண்டுமே இருக்காது."

எட்டு மாதம் ஒழுங்காக வேலை பார்த்தார். ஒரே ஒரு மனக்குறை. தினமும் ஆறு மணிக்கு, வேலை முடியும் நேரத்தில், ஜெசிந்தாவிடமிருந்து போன் வரும்.

"வேலை முடிஞ்சுதா அண்ணாச்சி? ராத்திரிக்கு என்ன சாப்பாடு?"

"சைட்டில் பிரச்சினை ஒன்றும் இல்லை, மேடம்" என்பார் அவர், ஸ்டேஷனில் பேசிய அதே விறைப்புக் குரலில்.

கூட வேலை பார்க்கும் முத்தையாவிடம் ஒருநாள் கேட்டார். "உனக்கும் இப்படி போன் வருமா?"

"எனக்கு எதுக்கு? என் வீட்டுக்காரிதான் பத்துத் தடவ கூப்பிடுதாளே, போதாதா?"

தளவாய்க்குச் சுருக்கென்றது. நான்கு பிள்ளை பெற்ற முத்தையாவை நம்புகிறாள். முப்பத்திரண்டு வருட சர்வீஸ் போட்டவனைச் சோதிக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஐந்தரை ஆனால் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகும். போன் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

வேலை பெருகியது. ஒருநாள் ஜெசிந்தா சொன்னாள், "ஆள் எடுக்கிறதை நீங்களும் கத்துக்கிடணும்."

"நல்ல ஆளை எப்படி மேடம் கண்டுபிடிக்கிய?"

"நாளைக்கு ரெண்டு பேர் வாராவ. பக்கத்துல உக்காருங்க."

தீயை அணைக்கும் சிலிண்டர் எத்தனை வகை என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தார். அவள் ஊர் கேட்டாள், மாடி ஏறினால் கால் வலிக்குமா என்று கேட்டாள். கடைசியாக இதைக் கேட்டாள்:

"நேரத்துக்கு வீட்டுக்குப் போகலைன்னா யாரு தேடுவா?"

முதலில் வந்தவன், "அம்மா தேடும்" என்றான்.

இரண்டாவது ஆள் ராசய்யா. "யாரும் இல்லக்கா" என்றார்.

அந்தப் பதிலுக்கு மட்டும் ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் வேலை கொடுத்தாள்.

அவர்கள் போனதும் தளவாய் கேட்டார், "கடைசிக் கேள்வி எதுக்கு மேடம்?"

"பதில் தெரிஞ்சுக்கிடத்தான்."

சீடர்களுக்கு எப்போதும் இந்த அவசரம்தான். ஆசிரியர் பாதி சொன்னால் மீதியைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள். தளவாயும் எழுதிக்கொண்டார்: வீட்டில் யாரும் இல்லாதவனுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம் இருக்காது. கடைசி ஒரு மணி நேரத்துக்கு அவன்தான் சரி.

அடுத்த வாரம் ஜெசிந்தா நாகர்கோவிலுக்கு ஒரு கல்யாண மண்டப வேலையாகப் போனாள். அங்கிருந்தும் ஆறு மணிக்குப் போன் வந்தது. அந்தச் சமயத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஜவுளிக் கடை ஒன்று ஆள் கேட்டது. கடையை மூடிவிட்டு இரண்டாம் மாடியில் வெல்டிங் வேலை நடக்கிறது. அலாரமும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பேர் வந்தார்கள். தளவாய் ஜெசிந்தாவின் நாற்காலியில் உட்கார்ந்து ஜெசிந்தாவின் கேள்வியைக் கேட்டார்.

"ஆறு தாண்டிட்டா சின்னவ வாசல்லயே நிப்பா" என்றான் ஒருவன், சிரித்துக்கொண்டே. அவனை அனுப்பிவிட்டார்.

மற்றவன் லாசர். உப்பளத்தில் வேலை செய்து முதுகு போனவன். கேள்வியைக் கேட்டதும் தரையைப் பார்த்தான்.

"தேடுததுக்கு யாரு இருக்கா அண்ணாச்சி."

"நாளையிலிருந்து வா" என்றார் தளவாய்.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு ஜவுளிக் கடையை எட்டிப் பார்த்தார். வெல்டர்கள் ஐந்து மணிக்கே போயிருந்தார்கள். இரண்டாம் மாடியில் லாசரின் நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல், கால் மணிக்கு ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போடும் கையெழுத்துத் தாள். ஐந்தேகால், ஐந்தரை, ஐந்தே முக்கால், ஆறு. வராத ஆறு மணிக்கும் கையெழுத்து போட்டாகிவிட்டது.

பிளைவுட் தடுப்புக்குப் பின்னாலிருந்து புகை வந்தது.

அட்டைப்பெட்டி அடுக்கில் அடிப்பெட்டி கனன்றுகொண்டிருந்தது. மேலே இருந்ததை இழுத்துத் தள்ளி, காவலுக்காக வைத்திருந்த இரண்டு வாளி தண்ணீரையும் ஊற்றினார். பத்துப் பெட்டி கருகியதோடு போயிற்று. கால் மணி நேரம் தாமதித்திருந்தால் மாடியே போயிருக்கும்.

அணைத்த பிறகு பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் தனியாக ஒரு தீயை அணைத்ததே இல்லை. எப்போதும் பின்னால் யாராவது தண்ணீர்க் குழாயைப் பிடித்திருப்பார்கள். பேர் சொல்லிக் கத்துவார்கள். இங்கே ஈர அட்டை வாசனை மட்டும் இருந்தது. லாசரின் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய கூடத்தில் அவர் மூச்சு அவருக்கே கேட்டது. தம் வீட்டுக் கூடமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. நடந்ததைச் சொன்னார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றாள் ஜெசிந்தா. பிறகு, "நாளைக்குச் சாயங்காலம் வந்துருதேன்" என்றாள்.

லாசர் எதிரே பஸ் ஸ்டாண்டில்தான் இருந்தான். ஏறுவதற்குப் பஸ் எதுவும் இல்லாமல், ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"குடிச்சிருக்கியா?"

"இல்ல அண்ணாச்சி. அங்க இருக்க முடியல. வீட்லயும் அப்படித்தான். சாயங்காலம் ஆனா மனுச சத்தம் கேக்கணும்."

தளவாய் அவனைத் திட்டக்கூட இல்லை. வீட்டுக்குப் போகச் சொன்னார்.

மறுநாள் ஜெசிந்தா பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, அதற்குள் தளவாய் கையெழுத்துத் தாளை மேஜையில் போட்டார்.

"லாசரை வேலையை விட்டு நிறுத்தணும் மேடம்."

"எதுக்கு அவரை எடுத்திய?"

"நீங்க கேட்டதைத்தான் நானும் கேட்டேன். யாரும் இல்லன்னான். அப்ப அவசரம் இருக்காதுன்னு எடுத்தேன்."

ஜெசிந்தா அந்தத் தாளை ஓரமாக நகர்த்தி வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஆறு அடிக்கச் சில நிமிடம் இருந்தது. சின்ன நோட்டை எடுத்து விரித்து, செல்போனை எடுத்தாள்.

"ராசய்யா அண்ணாச்சி, வேலை முடிஞ்சுதா? ராத்திரிக்கு என்ன சாப்பாடு? முட்டையா? நீங்களே செய்வியளா?"

அடுத்தது. "செல்லத்தாயக்கா, முடிஞ்சுதா? இருமல் எப்படி இருக்கு?"

அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. எதிலும் அவள் சைட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

தளவாய் எட்டி நோட்டைப் பார்த்தார். ஏழு பெயர்கள். முத்தையா பெயர் இல்லை. அம்மா தேடும் என்று சொன்னவன் பெயரும் இல்லை. ராசய்யா பெயர் கடைசியில் இருந்தது. முதல் பெயர் தளவாய்.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா காதில் போனோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எடுத்தார்.

"வேலை முடிஞ்சுதா அண்ணாச்சி? ராத்திரிக்கு என்ன சாப்பாடு?"

அந்த விறைப்புக் குரல் வரவில்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

"காலையில வடிச்ச சோறு இருக்கு. தொட்டுக்க ஒண்ணுமில்ல."

"சரி" என்று போனை வைத்தாள்.

கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப லாசரை என்ன செய்ய மேடம்?"

ஜெசிந்தா நோட்டையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வேலையில வச்சுக்கிடவா வேண்டாமான்னு நாளைக்குப் பேசுவோம். மணி ஆறு ஆயிட்டு. முதல்ல அவரைக் கூப்பிடுங்க."