செவலை செத்த பிறகு

எழுபத்தொரு வயதில் ஆவுடையப்பன் சீடரானார். குருவுக்கு நாற்பத்தாறு. தாடி பாதிகூட நரைக்கவில்லை. ஊர் சும்மா இருக்குமா? “அண்ணாச்சி, சிலேட்டு எடுத்துக்கிட்டீங்களா?” என்று டீக்கடையில் கேட்பார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மடத்துக்கு நடையைக் கட்டுவார்.

அங்கே போய்ப் பெரிதாக எதையும் கற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. முற்றத்தைப் பெருக்குவார். சாமி ஏதாவது சொன்னால் கேட்பார். சாமியும் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் ஏறிட்டுப் பார்த்து, “வாங்க அய்யா” என்று சொல்ல ஒரு முகம் அங்கே இருந்தது. வீட்டில் அது இல்லை. மனிதர் அதற்காகத்தான் போனார், வேறென்ன.

அன்று அவர் துடைப்பத்தைத் தொடவில்லை. வந்த வேகத்தில் சாமிக்கு எதிரே உட்கார்ந்தார்.

“சாமி, ஒரே வீடு. நடுவுல நாலு எட்டுதான் தூரம். ஒரு வார்த்தை போய்ச் சேர மாட்டேங்குதே, ஏன்?”

“யாருக்கு?”

“என் தம்பிக்கு.”

“சொல்லிப் பார்த்தீங்களா?”

“எப்படிச் சொல்ல? மாடு செத்துப்போச்சே.”

சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது தலையாட்டி வைக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. “மொதல்ல இருந்து சொல்லுங்க,” என்றார்.

ஆவுடையப்பன் சொன்னார்.

தம்பி பெயர் குற்றாலிங்கம். வடக்கே நாக்பூரில் வேலை பார்த்தவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்த தகவல் கிடைத்ததும் ரயிலேறினார். அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் கொள்ளி வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஆனால் தம்பி வந்து சேர இன்னும் நாலு மணி நேரம் இருக்கும்போதே அண்ணன் கொள்ளி வைத்துவிட்டார். தம்பி பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது வீடு கழுவிவிட்டு ஈரமாகக் கிடந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

மறு வருஷம் ஓய்வு பெற்று ஊருக்கே வந்தார். வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். மேற்கே இருந்த மேல்பாகம் அண்ணனுக்கு, கிழக்கே இருந்த கீழ்பாகம் தம்பிக்கு. அம்மா கன்றிலிருந்து வளர்த்த செவலையை எப்படிப் பிரிக்க? நடுவில் இருந்த தொழுவமும் செவலையும் பொதுவில் நின்றன. இரண்டு பேர் பெண்டாட்டிகளும் முன்பே இறந்துவிட்டிருந்தார்கள். இரண்டு அடுப்பில் இரண்டு பிடி அரிசி வெந்தது.

ஒரே கூரைக்குக் கீழே எத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியும்? ஒருநாள் ஆவுடையப்பன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே, “ஏட்டி செவலை, நாளைக்குக் கரண்டு கிடையாதாம். இன்னைக்கே தொட்டியை நிரப்பிக்கிடணும்,” என்றார். சற்று நேரத்தில் கீழ்பாகத்தில் மோட்டார் ஓடியது.

அப்படித்தான் ஆரம்பித்தது. “செவலை, மருந்துக் கடைக்குப் போறேன். யாருக்காவது பிரஷர் மாத்திரை தீந்துபோச்சோ என்னமோ.” திரும்பிப் பார்த்தால் தொழுவத்துச் சுவரில் காலி மாத்திரை அட்டை இருக்கும். தம்பியும் சளைத்தவர் இல்லை. “செவலை, மாடியில காயப்போட்ட வேட்டி நனையுது. எனக்கென்ன வந்துச்சு?” என்பார். அண்ணன் ஓடுவார்.

பத்து வருஷம் இப்படியே போனது. மாடு பால் வற்றி ஆறு வருஷமாயிற்று. இரண்டு பேரும் அதை விற்கிற பேச்சையே எடுக்கவில்லை. ஏன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“இருபது நாளைக்கு முன்னால செத்துப்போச்சு சாமி. ஆளுக்கொரு பக்கம் மண்ணள்ளிப் போட்டோம். அதுக்கப்புறம் வீட்டுல சத்தமே இல்லை. அவன் இருமுதது கேக்குது. என்ன ஏதுன்னு கேக்க வழியில்லை. நாளைக்கு அவன் மக கோயம்புத்தூர்ல இருந்து கார்ல வாராளாம். ஒரேயடியாக் கூட்டிட்டுப் போயிருவாளாம். அதையும் பால்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியுது.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “நீங்க வந்து, போகாதேன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி.”

“நான் சொன்னா அது என் பேச்சு.”

“அப்போ நான் என்னதான் செய்ய?”

சாமி எழுந்தார்.

“தொழுவம் காலியாத்தானே கிடக்கு?”

“ஆமா.”

“நான் வந்து இருக்கேன். நடங்க.”

ஆவுடையப்பன் விளையாட்டு என்றுதான் நினைத்தார். சாமி விளையாடவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குத் தொழுவத்துக்குள் நுழைந்து, மாடு கட்டுகிற முளைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

தொழுவத்தில் ஒரு சாமியார் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் எட்டிப் பார்க்கத் தோன்றாது? குற்றாலிங்கம் பாதி மடித்த சட்டையும் கையுமாகத் தன் பக்கத்து நடைக்கு வந்து நின்றார்.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். கண்ணைச் சாமி மேலேயே வைத்துக்கொண்டார்.

“சாமி, வயசான காலத்துல சில பேரு ஊரை விட்டுப் போறாங்களாம்.”

சாமி அசையவில்லை.

தம்பி விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். பத்து வருஷப் பழக்கம் அல்லவா? “இருன்னு சொல்ல ஆள் இருந்தா எதுக்குச் சாமி போறாங்க?”

“சொன்னாத்தான் தெரியுமாக்கும்?”

“சொல்லாம எப்படித் தெரியும்? நான் என்ன ஜோசியனா, கேளுங்க சாமி.”

சாமி கேட்கவில்லை. வேட்டியில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துக் கீழே போட்டார்.

“கோயம்புத்தூர்க் குளிரு சில பேருக்கு ஆகாது சாமி. போன தடவை போயிட்டு வந்து ஒரு மாசம் இருமினது மறந்துபோச்சு போல.”

தம்பி சட்டையை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். பிறகு பிரித்தார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

“சாமி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். செவலை எங்க அம்மை வளத்த உசுரு. அதுகிட்ட இதைக் கேக்க எனக்கு மனசு வரலை. நாலு மணி நேரம். ஒரு நாலு மணி நேரம் எங்க அம்மையைப் போட்டு வச்சிருக்கக் கூடாதா? நான் முகத்தைப் பாத்திருப்பேன்லா.”

ஆவுடையப்பனிடம் இதற்குப் பதில் பதினோரு வருஷமாகத் தயாராக இருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது, பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள், பொழுது சாய்ந்தால் எடுக்கக் கூடாது என்றார்கள். எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார்! இப்போது வாயைத் திறந்தால் அதில் ஒன்றுக்கு மேல் வரவில்லை.

“ஊரே அவசரப்படுத்துச்சு சாமி. ஆனா நான் குறுக்க நின்னிருக்கணும்லா? ‘என் தம்பி வாரான், அவன் வந்துதான் கொள்ளி வைக்கணும்’னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்லா? நான் வாயைத் திறக்கலை. ஊருக்குப் பயந்துட்டேன். தப்பு சாமி. பெரிய தப்பு பண்ணிட்டேன்.”

சொல்லச் சொல்ல அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்படியே குனிந்து சாமியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார்.

கீழ்பாகத்து நடையில் குற்றாலிங்கம் அப்படியே நின்றார். ஒரு எட்டு முன்னால் வைத்தார். பிறகு எங்கே போவது என்று தெரியாதவர் போல அங்கேயே நின்றுவிட்டார்.

சாமி மெல்லத் தன் காலை விடுவித்துக்கொண்டார். எழுந்தார். சாக்கை உதறி மடித்துச் சுவரோரம் வைத்தார். யாரையும் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.

நடுவில் சாமி இல்லாமல் போனதும் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்க்க வேண்டியதாயிற்று. ஆவுடையப்பனால் அதைத் தாங்க முடியவில்லை. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்.

“சாமி! இப்படிப் பாதியில விட்டுட்டுப் போறீங்களே! இனி நான் யாருகிட்டச் சொல்ல?”

சாமி திரும்பினார். அழுது வீங்கிய அந்தக் கிழ முகத்தைப் பரிவோடு பார்த்தார்.

“நீங்க எரிச்சது எங்க அம்மாவை இல்லையே அய்யா,” என்றார்.