பேச்சிமுத்துவின் மரத்தடி

அங்கம்மாள் என்ற அணிலுக்கு அந்த வருஷம் உட்கார நேரமில்லை. ஏழு வருஷமாக வெறும் இலையைக் காட்டி ஏமாற்றிய அவளுடைய மாமரம் முதன்முதலாகக் காய்த்திருந்தது. காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவள் போலக் கிளைக்குக் கிளை ஓடுவாள். காயைத் தொட்டுப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள். கீழே இறங்கி அண்ணாந்து பார்ப்பாள். பார்த்தது போதாமல் மறுபடி ஏறுவாள்.

அந்த மலையடிவாரத்தில் ஆளுக்கொரு மாமரம். மரம் வைத்திருந்தவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். தலைவர் சடையாண்டி என்ற கரடி. விடிந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, மரத்தடி மரத்தடியாகப் போய், உதிர்ந்த காய்களைப் பொறுக்கிக் குழியில் போட்டு மூட வேண்டும். இது சங்கத்தின் கட்டளை. மூடாமல் விட்டால் காய்க்குள் இருக்கும் புழு மண்ணில் இறங்கிவிடும். பத்தே நாளில் பழ ஈயாகப் பறந்து வந்து, மரத்தில் தொங்கும் நல்ல காயில் முட்டையிடும்.

அங்கம்மாளுக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் அடுத்தவர் மரத்தடியில் குனிந்திருக்கும்போது அவள் கண் தன் மரத்தின் மேலேயே இருக்கும். அங்கே கிளி வந்து உட்கார்ந்துவிட்டால்?

ஒரு நாள் சடையாண்டியிடம் சொல்லியேவிட்டாள். "கரடியண்ணே, நாளையிலிருந்து நான் வரலை. கிளித் தொல்லை தாங்க முடியலை. என் மரத்தடியை நானே பார்த்துக்கிறேன்."

"பக்கத்துல பேச்சிமுத்து மரம் இருக்கே?" என்றார் சடையாண்டி.

பேச்சிமுத்து ஒரு மரநாய். இரவில் கிளைக்குக் கிளை தாவி, வௌவால்களை விரட்டித் தோப்பு முழுவதையும் காப்பவன். பகலில் பொந்துக்குள் உறங்குவான். அதனால் அவன் மரத்தடியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு.

"அதையும் நானே பார்த்துக்கிறேன். நாலு எட்டு தூரந்தானே. நீங்க யாரும் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்."

"பறிப்புக்கு இன்னும் இருபது நாள் இருக்கும்மா. விடாம செய்வியா?"

"செய்யாம என்ன பண்ணப் போறேன்?" என்றாள், வாய் கூசாமல்.

முதல் நாள் செய்தாள். இரண்டாம் நாள் பேச்சிமுத்துவின் மரத்துக்குப் பாதி வழி போனதும் எங்கோ கீச்சென்று கேட்டது. திரும்பி ஓடி வந்தாள். கிளியைக் காணோம். மூன்றாம் நாள் கிளம்பவே இல்லை. 'நாளைக்குச் சேர்த்துப் பொறுக்கிக்கலாம்' என்று நினைத்தாள். அந்த நாளைக்கு வரவே இல்லை. தன் மரத்தடியை மட்டும் ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைத்து வைத்ததைப்போல வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை, அடிக்கிளைக் காயில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி தெரிந்தது. அதிலிருந்து பால் கசிந்து காய்ந்திருந்தது. பக்கத்துக் காயிலும் புள்ளி. அதற்கடுத்த காயில் இரண்டு. மேலே ஓடினாள், கீழே ஓடினாள். போன இடமெல்லாம் ஈ மொய்த்தது.

"கீழே ஒரு காய்கூட இல்லையே! இதுங்க எங்கிருந்து வருது?"

ஈக்கள் வந்த திசையிலேயே ஓடினாள். அவை பேச்சிமுத்துவின் மரத்தடியிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தன. அங்கே உதிர்ந்த காய்கள் அழுகிக் குழைந்து கிடந்தன. கோபம் தலைக்கேறிப் பொந்தைத் தட்டினாள்.

"ஏய் பேச்சிமுத்து, எழுந்திரு. ஊரைக் கெடுக்கவா மரம் வச்சிருக்கே? உன் மரத்தடியைப் பாரு. என் மரமே போச்சு."

பேச்சிமுத்து கண்ணைத் திறக்க முடியாமல் தலையை நீட்டினான். கீழே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"என் மரத்தடி உன் பொறுப்புன்னு கரடியண்ணன் சொன்னாரே அக்கா. நீ பார்த்துக்கிறேன்னுதானே நான் நிம்மதியாத் தூங்கினேன்?"

அந்த வருஷம் முதன்முதலாக அவள் வால் அசையாமல் நின்றது.

வெட்கத்தைப் பார்த்தால் மிச்சக் காயும் போய்விடும். சடையாண்டியிடம் ஓடினாள். "அண்ணே, நான் சொன்னபடி செய்யலை. பேச்சிமுத்து மரத்தடியை அப்படியே விட்டுட்டேன். ஈ வந்துடுச்சு." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சடையாண்டி கோபப்பட்டார்தான். "ரெண்டாம் நாளே வந்து சொல்லியிருந்தா நாங்க பொறுக்கியிருப்போமே" என்றார். ஆனால் பேசிக்கொண்டே நடக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

சங்கம் மொத்தமும் வந்தது. முள்ளம்பன்றி குழி தோண்டியது. குரங்குகள் அந்த இரண்டு மரங்களிலும் புள்ளி விழுந்த காய்களையெல்லாம் பறித்துப் போட்டன. தன் மரத்திலிருந்து விழுந்த ஒவ்வொரு காயையும் அங்கம்மாளே குழிக்கு உருட்டினாள். தேவாங்கு தூக்கக் கலக்கத்தோடு துளசியைக் கசக்கித் தண்ணீரோடு கொட்டாங்கச்சிகளில் ஊற்றிக் கிளைகளில் தொங்கவிட்டது. ஈக்கள் வாசனைக்கு மயங்கி அதில் விழுந்தன. பேச்சிமுத்து தூக்கத்தை விட்டுவிட்டுத் தன் மரத்தடி மண்ணைக் கிளறி வெயிலில் காயவைத்தான்.

மற்ற மரங்கள் தப்பித்தன. பறிப்பு நாளில் மற்ற எல்லோருடைய கூடையும் நிறைந்தது. பேச்சிமுத்துவின் கூடை பாதிதான் நிறைந்தது. அங்கம்மாளின் கூடையில் அடிப்பகுதி மட்டும் மறைந்தது. ஏழு வருஷம் காத்திருந்ததற்கு அவ்வளவுதான் மிச்சம்.

அந்தப் பழங்களில் நன்றாகப் பழுத்த ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பேச்சிமுத்துவின் பொந்து வாசலில் வைத்தாள். அவன் உறங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவில்லை. இறங்கியவள் அவன் மரத்தடியில் புதிதாக உதிர்ந்திருந்த ஒரு காயைக் கண்டாள். எங்கோ கிளி கத்தியது. அவள் திரும்பிப் பார்க்காமல் அந்தக் காயை உருட்டிக்கொண்டு குழிக்குப் போனாள்.

அடுத்தவர் மரத்தடியைக் கைவிட்டவர், தன் மரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் காயைக் காப்பாற்ற முடியாது.