கிளம்பிவிட்ட எருமை

ஒரு காட்டில், மரங்களும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஓர் எருமை இருந்தது. நல்ல மனசுதான். ஆனால் சேற்றைவிட்டு எழுந்திருக்க மட்டும் அதற்கு மனசே வராது. யார் கூப்பிட்டாலும், "இதோ, கிளம்பிவிட்டேன்!" என்று படுத்தபடியே சொல்லும்.

ஒரு நாள் மலையில் பெருமழை. ஆற்றின் நடுவே இருந்த திட்டுக்குக் கோரைக்கிழங்கு தின்னப் போன சுண்டெலி, தன் குஞ்சுகளோடு அங்கேயே மாட்டிக்கொண்டது. சுற்றிலும் தண்ணீர் ஏறியது. மேலே பறந்த காகத்தைக் கூப்பிட்டு, "எருமை அண்ணனைக் கொஞ்சம் வரச் சொல்லேன்!" என்று கெஞ்சியது.

காகம் போனது, வந்தது. "அண்ணன் கிளம்பிட்டாராம்!"

அப்போது ஓர் ஆமை நீந்தி வந்தது. "ஏறிக்கோ அக்கா. பிள்ளைகளையும் ஏற்று."

"வேண்டாம் தம்பி, உன் முதுகு வழுக்கும். அண்ணன் முதுகு என்றால் மெத்தை மாதிரி இருக்கும். அவர்தான் கிளம்பிவிட்டாரே!"

தண்ணீர் குஞ்சுகளின் வாலை நனைத்தது. காகம் மறுபடியும் போய் வந்தது. "கிளம்பி எவ்வளவு நேரமாச்சு தெரியுமான்னு கோவிச்சுக்கிறார்!"

ஆமை காகத்திடம் கேட்டது: "அவர் முதுகில் கொக்கு இருந்ததா?"

"இருந்ததே."

"என்ன பண்ணிக்கொண்டிருந்தது?"

"ஒற்றைக் காலில் நின்று தூங்கிக்கொண்டிருந்தது."

"கிளம்பினவர் முதுகில் கொக்கு தூங்குமா, அக்கா?"

சுண்டெலிக்குப் பகீரென்றது. "ஏறுங்கடா! ஒருத்தன் வாலை ஒருத்தன் பிடிச்சுக்கோங்க!"

கடைசிக் குஞ்சு ஏறியதுதான் தாமதம், திட்டு மூழ்கிவிட்டது. ஆமை மெல்ல மெல்ல நீந்தி எல்லோரையும் கரையில் இறக்கியது. சுண்டெலி நன்றி சொல்லத் திரும்புவதற்குள் ஆமை தண்ணீருக்குள் மறைந்தது.

வெயில் சாய்ந்த பிறகு எருமை மூச்சிரைக்க ஓடிவந்தது. திட்டைக் காணோம். வெறும் வெள்ளம். "ஐயோ, தங்கச்சி!" என்று அலறியது.

"இங்கேதான் இருக்கோம் அண்ணா," என்றது சுண்டெலி, புல்லில் மீசையைத் துடைத்தபடி.

எருமைக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "ஏறுங்க, ஏறுங்க! வீடுவரைக்கும் கொண்டுபோய் விடுறேன்."

"வேண்டாம் மாமா," என்றது கடைக்குட்டி. "எங்களுக்குக் கொஞ்சம் அவசரம். நடந்தே போயிடுறோம்."

குஞ்சுகள் கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டு அம்மாவின் பின்னால் ஓடின. எருமை வாயைத் திறக்காமல், அவற்றின் பின்னாலேயே நடந்தது.

நீதி: கிளம்பியதைக் கால் சொல்லட்டும், வாய் சொல்ல வேண்டாம்.